தோட்டத்தை அறக்கட்டளைக்குக் குத்தகைக்கு விடலாமா? – பத்திரம் எழுதும் முன் ஒரு பாடம்

நம் இயக்கக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "எனக்கு வயசாயிடுச்சு. பசங்க வெளியூர்ல. இருபது வருஷம் ரசாயனம் படாத மண்ணு. விக்க மனசில்ல, பாக்க ஆளில்ல. ஒரு முதியோர் இல்லத்துக்காரங்க கேக்குறாங்க, விடலாமா?"

விடலாம். ஆனால் எப்படி விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஒருமுறை தப்பாக விட்டேன், இரண்டாவது முறை ஓரளவு சரியாக விட்டேன். இரண்டிலும் கற்றதைப் பாடமாக எழுதச் சொன்னார்கள். நான் வக்கீல் இல்லை. படித்ததையும் பட்டதையும் வைத்து எழுதுகிறேன். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஊர் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் நடந்த தப்பு

கோபி பக்கம் எனக்கு 4 ஏக்கர் 20 சென்ட் தோட்டம். கிணற்றுப் பாசனம். தென்னை, வாழை, மஞ்சள், கொஞ்சம் காய்கறி. நடுவில் அப்பாரு கட்டிய ஓட்டு வீடு. முழங்கால் தேய்ந்து நான் டவுனுக்குக் குடிபோனதும் வீடு பூட்டிக் கிடந்தது. ஆதரவற்ற முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அமைப்பு வீட்டையும் அதையொட்டி ஒரு ஏக்கரையும் கேட்டது. நல்ல காரியம்தானே என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன். முடிந்ததும் இன்னொரு 11 மாதம். அப்புறம் இன்னொன்று. நாலாவது தடவை எழுதவே மறந்துவிட்டோம்.

ஒரு நாள் போய்ப் பார்த்தால் தென்னை அடியிலும் வேலி ஓரத்திலும் புல்லெல்லாம் மஞ்சள் பூத்துக் கருகிக் கிடக்கிறது. நன்கொடையாளர்கள் வருகிறார்கள், பாம்பு பயம் வேறு என்று கூலிக்கு ஆள் வைத்துக் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். "புல்லு மருந்துதானுங்களே அடிச்சோம், பயிருக்கு அடிக்கலையே" என்றார் பொறுப்பாளர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிக்கக் கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை. வாயால் சொன்னதோடு சரி.

நான் பங்கேற்பு உத்தரவாதச் சான்று, அதாவது பி.ஜி.எஸ். குழுவில் இருக்கிறேன். நானே குழுவில் சொன்னேன். அந்த ஒரு ஏக்கர் மறுபடியும் மாறுதல் காலத்துக்குப் போனது. பதினெட்டு வருஷ உழைப்பு, ஒரு மத்தியான வேலையில் போயிற்று.

காலி பண்ணச் சொல்லலாம் என்று போனேன். திண்ணையில் ஒன்பது பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு பாட்டி, "சாமி, எங்கள வேற எங்கயோ அனுப்பப் போறாங்களாமே?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு இடம் பார்த்து அவர்கள் போக ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் எனக்கும் தூக்கமில்லை, அவர்களுக்கும் தூக்கமில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. 11 மாதத்துக்கு மேல் இருப்போமா என்று தெரியாதவர்கள் மண்ணை ஏன் பார்க்கப் போகிறார்கள்? கழிப்பறைக்குக் கைப்பிடி வைக்கக்கூட அவர்கள் யோசித்தார்கள். குறுகிய காலம் என்பது நிலத்துக்கும் கேடு, அங்கே இருப்பவர்களுக்கும் கேடு. பராமரிப்பு இல்லத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் நீண்ட காலத்துக்குக் கொடுக்க வேண்டும். முடியாது என்றால் கொடுக்கவே கூடாது. இதுதான் முதல் பாடம்.

குத்தகை, ஒத்தி, அனுமதி, தானம்: வேறுபாடு

நம் பேச்சில் இதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். சட்டத்தில் நாலும் நாலு விதம்.

*குத்தகை:* குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு தொகைக்கோ விளைச்சலுக்கோ, அனுபவிக்கும் உரிமையை மாற்றிக் கொடுப்பது. சொத்து நம்முடையது, கைவசம் அவர்களுடையது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 105-ஆவது பிரிவிலிருந்து இது வருகிறது.

*ஒத்தி அல்லது போக்கியம்:* நாம் கடன் வாங்குகிறோம். அதற்கு ஈடாக நிலத்தை அவர்கள் அனுபவிக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் நிலம் வரும். பெரிய தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் விட்டால், பேச்சுக்குக் குத்தகை என்றாலும் நடப்பு ஒத்தியாகிவிடும். அறக்கட்டளையோடு இந்த வழி வேண்டாம்.

*அனுமதி:* இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள விடுவது மட்டும். உரிமை எதுவும் மாறாது. மாதம் ஒருநாள் முகாம் நடத்த இடம் கொடுப்பதற்கு இது போதும். ஆட்கள் தங்கி வாழும் இல்லத்துக்குப் போதாது.

*தானம்:* எழுதிக் கொடுத்தால் போனது போனதுதான். மனசு நெகிழ்ந்த நேரத்தில் தானப் பத்திரம் எழுதிவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் குத்தகை. பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர்கள் நடத்துவதைப் பார்த்த பிறகு தானம் பற்றி யோசிக்கலாம்.

"குத்தகைக்கு விட்டா நிலம் போயிடும்"

எந்த உழவரும் முதலில் சொல்வது இதுதான். என் சம்பந்தியும் இதையே சொன்னார். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வோம்.

1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தன் உடலுழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ போட்டு அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்பவரைப் பாதுகாக்கிறது. குத்தகைக் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவரை வெளியேற்ற முடியாது. குத்தகை கொடுக்காமலிருப்பது, நிலத்தைச் சேதப்படுத்துவது, வேளாண்மை அல்லாத வேலைக்குப் பயன்படுத்துவது, உரிமையாளரின் உரிமையையே மறுப்பது போன்ற காரணங்கள் வேண்டும். 1956-ஆம் ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டம், குத்தகையை வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதம் என்று வரையறுத்திருக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைதாரர் தன் பெயரைக் குத்தகை உரிமைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சட்டங்களை நான் குறை சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழுது, ஒரு வார்த்தையில் துரத்தப்பட்ட குடும்பங்களுக்காக வந்த சட்டங்கள் இவை. அப்படி ஒரு குடும்பம் உங்கள் நிலத்தில் உழுதுகொண்டிருந்தால், அவர்களை அனுப்பிவிட்டு அறக்கட்டளைக்குக் கொடுக்க வழி தேடாதீர்கள். அது தர்மமும் இல்லை, சட்டமும் விடாது.

ஆனால் அறக்கட்டளை என்பது உடலுழைப்புப் போட்டு உழும் ஆள் இல்லை. அது ஒரு நிறுவனம். எழுதிய நிபந்தனைப்படிதான் அதன் உறவு ஓடும். சிக்கல் எங்கே வரும் என்றால், அறக்கட்டளை உங்களிடம் வாங்கிய நிலத்தை இன்னொருவருக்கு வாரத்துக்கோ உள்குத்தகைக்கோ விட்டால். அவர் குடும்பத்தோடு அங்கே உழ ஆரம்பித்தால் அவருக்கு உரிமை பிறக்கலாம். ஆகவே "உள்குத்தகை, வாரம் கூடாது, கூலி கொடுத்து ஆள் வைத்துப் பண்ணலாம்" என்று பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு குத்தகைதாரருக்குத் தன் உரிமையை மாற்றிக் கொடுக்கவும் உள்குத்தகைக்கு விடவும் இடம் தருகிறது என்பதையும் மறக்காதீர்கள். நாம் மௌனமாக இருந்தால் சட்டம் அவர்கள் பக்கம் பேசும்.

யாருக்குக் கொடுக்கிறோம்?

பெண் கொடுக்கும்போது விசாரிப்பது போல விசாரிக்க வேண்டும். நான் கேட்டு வாங்கிப் பார்த்தவை:

1. அறக்கட்டளைப் பத்திரம் அல்லது சங்கப் பதிவுச் சான்று. தமிழ்நாட்டில் சங்கங்கள் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகியிருக்கும். குத்தகைக்குச் சொத்து எடுக்க அதிகாரம் இருக்கிறதா என்று பத்திரத்தில் பாருங்கள்.
2. யார் கையெழுத்துப் போடுகிறார், அவருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்தின் நகல். அறங்காவலர் ஒருவர் தனியாக வந்து, "நான் பாத்துக்கறேங்க" என்றால் போதாது.
3. கடைசி மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை. வரவு ஒரே ஒரு நன்கொடையாளரை நம்பி இருக்கிறதா என்று கவனியுங்கள். அவர் நிறுத்தினால் இல்லமும் நின்றுவிடும்.
4. இல்லம் நடத்துவதற்கான பதிவு. மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் என்றால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பதிவு வேண்டும். குழந்தைகள் இல்லம் என்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி. மனநலச் சிகிச்சை தரும் இடம் என்றால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி. பதிவில்லாத இல்லத்துக்கு இடம் கொடுத்தால் சோதனை வரும் நாளில் நம் பெயரும் அடிபடும்.
5. இப்போது நடத்தும் இல்லத்தைச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள். அங்கே இருப்பவர்கள் முகத்தைப் பாருங்கள். எந்தத் தணிக்கை அறிக்கையும் இதைச் சொல்லாது.

நான் இரண்டாவதாகக் கொடுத்தது, அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அறக்கட்டளைக்கு. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு யாருமில்லாமல் போனவர்கள். 14 பேர். முன்பு டவுனில் மாடி வீடு ஒன்றில் இருந்தார்கள். அடிக்கடி வீடு மாற்றினால் அவர்களில் சிலர் வாரக்கணக்கில் சாப்பிட மாட்டார்கள், தூங்க மாட்டார்கள் என்று அங்கே இருந்த அம்மா சொன்னார். "எங்களுக்குப் பெரிய இடம் வேண்டாங்கண்ணா. பத்து வருஷத்துக்கு யாரும் போகச் சொல்லாத இடம் வேணும்." அந்த ஒரு வார்த்தையில்தான் நான் முடிவெடுத்தேன்.

நம் வீட்டுக் கணக்கைச் சரிசெய்தல்

அவர்களை விசாரித்த மாதிரி நம்மையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று மூன்றும் ஒத்துப்போகிறதா? கூட்டுப்பட்டாவாக இருந்தால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைகளுக்கும் சம பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்த திருத்தங்கள் அதை உறுதிசெய்தன. "மகளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பிட்டமே" என்று விட்டுவிட்டால் குத்தகை பாதியில் நிற்கும்.

என் மகன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பன்னெண்டு வருஷம் கட்டிப் போடறீங்களேப்பா. நடுவுல அவசரம்னா விக்க முடியுமா?" என்றான். கேள்வி நியாயமானது. விற்கலாம். ஆனால் வாங்குபவர் குத்தகையோடுதான் வாங்க வேண்டும். உரிமையாளர் மாறினாலும் குத்தகை மாறாது என்பது அதே சட்டத்தின் 109-ஆவது பிரிவு. காலி நிலமாக விற்க முடியாது என்பதால் அந்தக் காலத்தில் விலை குறையும். இதை மறைக்காமல் குடும்பத்தில் பேசிவிட வேண்டும். மூன்று மாதம் பேசினோம். கடைசியில் மகளும் மகனும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள்.

நிலத்தின் பேரில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடமானக் கடன் இருந்தால், அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் நீண்ட காலக் குத்தகை எழுதாதீர்கள்.

கூட்டுக் கிணறா? முறைத்தண்ணீர் எத்தனை நாள்? வண்டிப்பாதை யார் நிலத்தில் போகிறது? இதையெல்லாம் பத்திரத்தில் எழுதுங்கள். ஆம்புலன்ஸ் ராத்திரி இரண்டு மணிக்கு வரும். பாதைத் தகராறு அப்போது எழக் கூடாது.

வீடு வேறு, காடு வேறு

பத்திரத்தில் சொத்து விவரத்தை இரண்டாகப் பிரித்தோம். "அ" என்பது வீடும் வாசலும். "ஆ" என்பது பயிர் செய்யும் நிலம். வாடகையும் தனித்தனி. இதற்கு மூன்று காரணம்.

ஒன்று, வருமான வரி. வேளாண்மைக்குப் பயன்படும் நிலத்திலிருந்து வரும் குத்தகை வேளாண் வருமானமாகக் கருதப்படும். இல்லம் நடக்கும் வீட்டு வாடகை அப்படி இல்லை. ஒரே தொகையாக எழுதினால் கணக்கில் குழப்பம்.

இரண்டு, மின்சாரம். நம் கிணற்றின் இலவச இணைப்பு பயிருக்கு மட்டும். அதிலிருந்து இல்லத்துக்கு வயர் இழுத்தால் அபராதம் வரும், இணைப்புக்கும் ஆபத்து. வீட்டு இணைப்பைத் தனியாக வைத்து, கட்டணம் அறக்கட்டளையுடையது என்று எழுதுங்கள். குடிக்க, குளிக்க எடுக்கும் தண்ணீருக்கும் தனி மோட்டார், தனி இணைப்பு.

மூன்று, கட்டடம். விளைநிலத்தில் புதிய கட்டடம் எழுப்ப நிலப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் அதற்கு விதிகள் இருக்கின்றன. உள்ளாட்சியின் கட்டட அனுமதியும் வேண்டும். எங்கள் பத்திரத்தில் "ஆ" நிலத்தில் எந்தக் கட்டடமும் கூடாது. "அ" பகுதியில் கழிப்பறை, சாய்தளம், சமையல் கூடம் மட்டும், அனுமதி பெற்று, என் எழுத்துச் சம்மதத்தோடு. மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் குறித்தோம்.

இன்னொன்று, கிணறு. நம் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. சுற்றுச்சுவர் இருக்காது. இல்லம் வரும் முன் சுவர் எழுப்பி, மேலே கம்பி வலை போட்டேன். செலவு என்னுடையது, வருஷா வருஷம் பராமரிப்பு அவர்களுடையது. மோட்டார் அறைக்குப் பூட்டு. உழவருக்குப் பழக்கமான ஆபத்து வந்து தங்குபவருக்குப் பழக்கமில்லை.

மண்ணுக்காக எழுத வேண்டிய வரிகள்

வழக்கமான குத்தகைப் பத்திரத்தில் மண்ணைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நாங்கள் சேர்த்தவை:

– ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி எதையும் பயிருக்கோ, வேலிக்கோ, வாசலுக்கோ, கரையானுக்கோ பயன்படுத்தக் கூடாது. "வேலிக்கோ வாசலுக்கோ" என்பது நான் பட்டுக் கற்றது.
– கொசு மருந்து, கழிப்பறை அமிலம் போன்றவை வீட்டுக்குள் மட்டும். கழிவு நீர் பயிருக்குள் பாயக் கூடாது.
– நெகிழிக் குப்பையை எரிக்கவோ புதைக்கவோ கூடாது. மருத்துவக் கழிவுக்குத் தனி ஏற்பாடு. இல்லங்களில் ஊசி, மருந்துப் பட்டை, டயாப்பர் நிறையச் சேரும்.
– மேல்மண், மணல், மரம் எதையும் எடுக்கக் கூடாது. காய்ந்த மரத்தைக்கூட கேட்டுத்தான் வெட்ட வேண்டும்.
– பயிர் செய்யாமல் போட்டால் பலதானியமோ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழ வேண்டும். நிலம் வெறும் மண்ணாகக் கிடக்கக் கூடாது.
– வரப்பு, உயிர்வேலி, மழைநீர்க் குழி பராமரிப்பு.
– எங்கள் பி.ஜி.எஸ். குழு எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். அறக்கட்டளையும் குழுவில் ஒரு உறுப்பினர். இந்தக் குழுவுக்குக் குறைந்தது 5 உழவர்கள் வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து பார்க்கிறார் என்பதே பாதிக் காவல்.

மூன்றாம் நபர் சான்று வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். நாட்டு அளவிலான உயிர்ம உற்பத்தித் திட்டத்தின் விதிகளில் ஓராண்டுப் பயிருக்கு 2 வருஷம், பல்லாண்டுப் பயிருக்கு 3 வருஷம் மாறுதல் காலம். ஒரு தெளிப்பு அத்தனையையும் திருப்பிப் போட்டுவிடும். நிலத்தை யார் நடத்துகிறார் என்பது மாறும்போது சான்றளிக்கும் துறைக்கும் தெரிவிக்க வேண்டும்.

மனிதருக்காக எழுத வேண்டிய வரிகள்

குத்தகைதாரர் நிபந்தனையை மீறினால் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை தானாக வராது. "மீறினால் உரிமையாளர் திரும்ப நுழையலாம்" என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும், எழுத்து மூலம் அறிவிப்பும் கொடுக்க வேண்டும். ஆகவே அந்த வரி கட்டாயம். ஆனால் கடையைக் காலி செய்வது போல இல்லத்தைக் காலி செய்ய முடியாது. 14 பேர் எங்கே போவார்கள்? எங்கள் ஏற்பாடு இது:

மீறல் கண்டால் முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும். சரிசெய்ய 60 நாள். சரியாகவில்லை என்றால் இரு தரப்புக்கும் பொதுவான இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கும் பிறகுதான் முடிவு அறிவிப்பு. அப்போதும் "ஆ" நிலத்தை 3 மாதத்தில் திரும்பக் கொடுக்க வேண்டும், நிற்கும் பயிரை அறுத்துக்கொள்ளலாம். "அ" வீட்டுக்கு 12 மாதம். மண்ணுக்கு ஆபத்து என்றால் மண்ணை உடனே மீட்கலாம். மனிதரைத் தெருவில் நிறுத்த வேண்டியதில்லை. வீடு வேறு, காடு வேறு என்று பிரித்ததன் பெரிய பலன் இதுதான்.

அறக்கட்டளை கலைந்தாலோ, இல்லத்தின் பதிவு ரத்தானாலோ குத்தகை முடியும். அதற்கும் 12 மாதம். நான் இறந்தால் என் வாரிசுகளைப் பத்திரம் கட்டுப்படுத்தும். அவர்கள் கட்டிய சாய்தளத்தையும் கைப்பிடியையும் முடிவில் எடுத்துப் போகலாமா, விட்டுப் போனால் விலை உண்டா என்பதையும் எழுதினோம். எழுதாவிட்டால், கட்டியதைப் பிரித்து எடுத்துப் போக அவர்களுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இல்லத்தில் இருப்பவர்கள் தோட்டத்தில் வேலை செய்தால்? நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோழிக்குத் தீனி போடுவது, கீரை கிள்ளுவது அவர்களுக்கு நல்லது. ஆனால் அது விருப்பப்பட்டுச் செய்வதாக இருக்க வேண்டும். விற்பனைக்கு விளைந்தால் அதில் அவர்களுக்குப் பங்கு அவர்கள் பெயரில் போக வேண்டும். "தொண்டு" என்ற பெயரில் கூலியில்லா ஆள் வைத்துக்கொள்வதை நம் இயக்கம் ஏற்காது. இதையும் ஒரு வரியாகச் சேர்த்தோம். அந்த அம்மா அதைப் படித்துவிட்டு, "இத நாங்களே எழுதியிருக்கணும்" என்றார்.

பதிவும் செலவும்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பதிவு செய்யாத பத்திரத்தின் நிபந்தனைகள் வழக்கு வந்தால் எடுபடாது. 11 மாத ஒப்பந்தம் எழுதும் பழக்கமே இந்தப் பதிவைத் தவிர்க்கத்தான். அதன் விலை என்ன என்று மேலே சொன்னேன்.

முத்திரைத் தீர்வை எங்கள் பத்திரத்தில் எப்படி வந்தது என்று பார்ப்போம். காலம் 12 வருஷம். முதல் 3 வருஷம் ஆண்டுக்கு 60,000 ரூபாய் (வீட்டுக்கு 36,000, நிலத்துக்கு 24,000). 3 வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்வு.

முதல் 3 வருஷம்: 1,80,000
அடுத்த 3 வருஷம் (ஆண்டுக்கு 66,000): 1,98,000
அடுத்த 3 வருஷம் (ஆண்டுக்கு 72,600): 2,17,800
கடைசி 3 வருஷம் (ஆண்டுக்கு 79,860): 2,39,580
மொத்த வாடகை: 8,35,380
முன்பணம்: 1,00,000
ஆக மொத்தம்: 9,35,380

30 வருஷம் வரையிலான குத்தகைக்கு முத்திரைத் தீர்வை இந்த மொத்தத்தில் 1 சதவீதம், அதாவது சுமார் 9,354 ரூபாய். பதிவுக் கட்டணமும் ஏறத்தாழ அதே அளவு வந்தது. 30 வருஷத்துக்கு மேல் 99 வரை போனால் தீர்வை 4 சதவீதம், அதற்கும் மேல் 7 சதவீதம். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டோம்.

தீர்வை குறையட்டும் என்று வாடகையைக் குறைத்து எழுதி மீதியைக் கையில் வாங்காதீர்கள். அறக்கட்டளைக்குத் தணிக்கை உண்டு. கையில் வாங்கிய பணத்துக்கு நாளை ஆதாரம் கேட்டால் உங்களிடமும் இருக்காது, அவர்களிடமும் இருக்காது. எல்லாம் வங்கி வழியாக.

எத்தனை வருஷம்? எங்களுக்கு 12 சரியாக இருந்தது. இல்லத்துக்கு வேர் பிடிக்கப் போதும். என் பிள்ளைகள் ஐம்பதைத் தாண்டும்போது நிலம் அவர்கள் முடிவுக்குத் திரும்பும். முடிய 18 மாதம் இருக்கும்போதே நீட்டிப்பா இல்லையா என்று பேசத் தொடங்க வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. கடைசி மாதத்தில் பேசினால் இரண்டு பக்கமும் வார்த்தை தடித்துவிடும்.

பத்திரத்துக்குப் பிறகு

எழுதியாகிவிட்டது என்று டவுனில் உட்கார்ந்துவிடக் கூடாது. தை மாதம் ஒருமுறை, ஆடி விதைப்புக்கு முன் ஒருமுறை போகிறேன். முதல் நாளே கிணறு, மரம், வரப்பு, மோட்டார், ஓடு எல்லாவற்றையும் படம் எடுத்து இருவரும் கையெழுத்திட்ட பட்டியல் வைத்திருக்கிறோம். 86 தென்னை, 3 மா, 1 பலா என்று அதில் இருக்கிறது. மண் பரிசோதனை அட்டையையும் இணைத்தோம். 12 வருஷம் கழித்து நிலம் எப்படித் திரும்பி வர வேண்டும் என்பதற்கு அதுதான் அளவுகோல்.

இப்போது நாலாவது வருஷம். எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு மழைக்காலத்தில் கழிவு நீர் வாழைக்குள் புகுந்தது. எழுத்தில் சொன்னேன், 40 நாளில் வாய்க்காலைத் திருப்பினார்கள். ஒரு கோடையில் மோட்டார் எரிந்தது, யார் செலவு என்று வாக்குவாதம் வந்தது. பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம், தீர்ந்தது. கோபப்பட வேண்டிய இடத்தில் காகிதம் பேசியது.

போன தை மாதம் போனபோது வேலி ஓரம் முழுக்கப் புல் இடுப்பளவு நின்றது. பாம்பு பயம் இல்லையா என்று கேட்டேன். இல்லத்தில் இருக்கும் நாற்பது வயதுத் தம்பி ஒருவர் அரிவாளைக் காட்டினார். பேச்சு சரியாக வராது அவருக்கு. பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார்: "மருந்து அடிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கோங்கண்ணா. இவருதான் தினமும் ஒரு கட்டு அறுத்து மாட்டுக்குப் போடறாரு. அவரு வேலைன்னு வேற யாரையும் தொட விடமாட்டாரு."

கடைசியாக ஒரு சரிபார்ப்புப் பட்டியல் (வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்)

1. பட்டா, வில்லங்கம், பங்காளிகள் சம்மதம், கடன் கொடுத்தவர் சம்மதம்.
2. அறக்கட்டளையின் பதிவு, தீர்மானம், தணிக்கை, இல்லப் பதிவு, நேரில் பார்த்தது.
3. வீடு, நிலம் தனித்தனி விவரம், தனித்தனி வாடகை.
4. உள்குத்தகையும் வாரமும் கூடாது.
5. மண்ணுக்கான நிபந்தனைகள், வேலியும் வாசலும் சேர்த்து.
6. கட்டடம், மலக்குழி, கிணற்றுப் பாதுகாப்பு, மின் இணைப்பு.
7. திரும்ப நுழையும் உரிமை. இல்லத்தில் இருப்பவர்களுக்குப் போதிய காலம்.
8. பதிவு, வங்கி வழி வாடகை, முதல் நாள் பட்டியலும் படங்களும்.
9. வருஷத்தில் இரண்டு முறை நேரில் போவது.

இந்த ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் கையெழுத்தைத் தள்ளிப் போடுங்கள். நல்ல அறக்கட்டளையாக இருந்தால் காத்திருப்பார்கள்.